ஸ்கிரம் என்னும் தெரிவு: றகர் ஆட்ட வரலாற்றில் ஒரு போர்முறை

ஓர் ஆட்டத்தின் விதிகள் செய்யத்தகாதவற்றை விலக்குவதோடு அமைவனவல்ல. பல வழிகளைத் திறந்துவைத்து, அவற்றுள் ஒன்றைத் தெரியும் உரிமையையும் ஆட்டக்காரர்க்கு அவை வழங்குகின்றன. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் திறத்திலேதான் ஓர் அணித்தலைவரது மதிநுட்பம் புலனாகும். றகர் ஆட்டத்திலே தண்ட உதை பெற்ற அணி, பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளி பெற முயலலாம். பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து நிலம் முன்னேறலாம். பந்தைத் தட்டிவிட்டு உடனே ஓடலாம். இவற்றையெல்லாம் விடுத்து, ஸ்கிரம் அமைக்குமாறு கேட்கவும் அவ்வணிக்கு உரிமை உண்டு. கைக்கெட்டிய புள்ளியைக் கைவிட்டு, எதிரணியின் எட்டுப் பேரோடு தோள்முட்டிப் பொருதும் இத்தெரிவு புதிதாகக் காண்பார்க்கு வியப்பளிப்பதாகும். பந்து ஏற்கெனவே தம் வசமிருக்க, அதனை மீண்டும் போட்டிக்குள் இடுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை ஸ்கிரத்தின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

ஸ்கிரம் என்பது யாது?

ஸ்கிரத்தில் ஒவ்வோர் அணியிலும் எட்டு முன்னணி வீரர் மூன்று வரிசையாகப் பிணைந்து, குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரோடு தலையும் தோளும் கோத்து நிற்பர். இரு முன்வரிசைகளுக்கும் இடையிலுள்ள வழியிலே பந்து இடப்படும். முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் அதனைக் காலால் பின்னே இழுக்க, ஏனையோர் முன்னே தள்ளுவர். இக்காலச் சருவதேச அணியொன்றின் எட்டு முன்னணி வீரரது மொத்த நிறை ஏறத்தாழ 900 கிலோகிராம் ஆகும். இரு பக்கத்தும் அத்தகைய நிறை முட்டிக்கொள்ளும்போது, தனியொருவரின் வன்மையிலும் எட்டுப் பேரின் ஒருமித்த இயக்கமே வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஒருவர் பிந்தினாலும் பிணைப்புத் தளரும். பிணைப்புத் தளர்ந்தால் நிறை பயன்படாது.

தோற்றம்

இங்கிலாந்தின் வார்விக்சயர் மாகாணத்திலுள்ள றக்பிப் பாடசாலையே இவ்வாட்டத்தின் பிறப்பிடம். 1823 ஆம் ஆண்டில் வில்லியம் வெப் எலிஸ் என்னும் மாணவர் பந்தைக் கையிலேந்தி ஓடியதால் ஆட்டம் பிறந்தது என்னும் கதை பெரிதும் வழங்குவதாயினும், அதற்குரிய சான்று வலிதன்று. அப்பாடசாலையின் விதிகள் 1845 இல் முதன்முதலாக எழுத்துருப் பெற்றன என்பது உறுதி. 1871 சனவரி 26 ஆந் திகதி இலண்டனில் 21 கழகங்கள் கூடி றக்பி உதைபந்தாட்டச் சங்கத்தை நிறுவின. அவ்வாண்டு மார்ச்சு 27 இல் எடின்பரோ நகரில் ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் முதலாவது சருவதேச ஆட்டத்தை ஆடின. அன்று ஓர் அணிக்கு 20 பேர். அவருள் பெரும்பாலார் முன்னணி வீரர்.

அக்காலத்து ஸ்கிரம் எவராலும் தெரியப்பட்டதன்று. பந்தை ஏந்தியவர் தடுக்கப்பட்டு அதனை நிலத்தில் வைத்ததும், அருகிலிருந்தோர் அனைவரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, எதிரியைத் தள்ளியும் பந்தை உதைத்தும் முன்னேற முயல்வர். அக்குவியலே ஸ்கிரம். ஆட்டத்தின் பெரும்பொழுது அதனுள்ளேயே கழியும். பந்தை முன்னே செலுத்துவதே ஆண்மை எனவும், குதிகாலாற் பின்னே தள்ளுவது நேர்மையற்ற செயல் எனவும் பலர் கருதினர்.

இந்நிலை மாறியதற்கு இரு காரணங்கள் உள. 1877 இல் சருவதேச ஆட்டங்களில் அணியினர் தொகை 20 இலிருந்து 15 ஆகக் குறைந்தது. திடலில் வெற்றிடம் தோன்றிற்று. அடுத்து, 1880 களில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அணியினர் ஹரி வசல் என்பாரின் தலைமையில் பந்தைக் கைமாற்றி ஆடும் முறையை வளர்த்தனர். 1884 இல் கார்டிஃப் கழகம் பின்னணியில் நான்கு முக்கால்நிலை வீரரை நிறுத்தும் முறையைக் கைக்கொண்டது. வெற்றிடமும் அதனைப் பயன்படுத்தும் ஓட்டவீரரும் அமையவே, பந்தை ஸ்கிரத்தின் பின்வழியே வெளிக்கொணர்வது பழிக்குரியதென்னும் எண்ணம் மறைந்தது. முன்னே தள்ளும் குவியலாயிருந்த ஸ்கிரம், பின்னே பந்து வழங்கும் கருவியாயிற்று. கருவியான பொருளைத்தான் மனிதன் வேண்டும்போது தெரிய முடியும்.

ஏழு பேரா, எட்டுப் பேரா?

1905 இல் பிரித்தானியா சென்ற நியூசிலாந்து அணி இக்கருவியைத் தனக்கேற்றவாறு திருத்திக்கொண்டது. டேவ் கலஹர் தலைமையில் வந்த அவ்வணி ஸ்கிரத்தில் ஏழு பேரையே நிறுத்திற்று: முன்வரிசையில் இருவர், நடுவில் மூவர், பின்னே இருவர். எட்டாமவர், அஃதாவது கலஹரே, வெளியே நின்று பந்தை இட்டுத் தம் பின்னணியைக் காத்தார். எட்டுப் பேரை ஏழு பேர் தாங்கினால் ஒருவர் மிச்சம் என்பதே இம்முறையின் கணக்கு. ஒவ்வொருவர்க்கும் நிலையான இடம் வகுக்கப்பட்டமையால், குறைந்த தொகையினரின் தள்ளல் கூடிய பயனைத் தந்தது. அப்பயணத்தில் 35 ஆட்டங்களுள் 34 இல் அவர்கள் வென்றனர். 1905 திசெம்பர் 16 இல் கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியிடம் 3–0 எனத் தோற்றதே அவர்களது ஒரே தோல்வி. அன்று வேல்ஸ் அணியும் ஸ்கிரத்தில் ஏழு பேரையே நிறுத்தி, எதிரியின் முறையாலேயே எதிரியை எதிர்த்தது.

தென்னாபிரிக்கா வேறுவழிச் சென்றது. முன்வரிசையில் மூவர், அடுத்து நால்வர், கடையில் ஒருவர் என்னும் 3–4–1 அமைப்பு 1920 களிலும் 1930 களிலும் அங்கே வலுப்பெற்றது. எட்டுப் பேரின் விசையும் முன்வரிசை மூவரில் வந்து குவியுமாறு அமைந்த முறை இது. ஸ்கிரத்தில் ஓர் ஆளை மிச்சப்படுத்துவது நியூசிலாந்தின் நோக்கம். ஸ்கிரத்தையே வலிமையின் நிலைக்களமாக்குவது தென்னாபிரிக்காவின் நோக்கம். மூவர் முன்வரிசையை வேண்டிய விதிமாற்றத்தின்பின் 1932 இல் நியூசிலாந்து தன் பழைய அமைப்பைக் கைவிட நேர்ந்தது. ஐந்து ஆண்டுகளின் பின் இவ்விரு மரபுகளும் நேருக்கு நேர் மோதின.

1937: தந்தியில் வந்த ஆலோசனை

1921 இல் நியூசிலாந்தில் நடந்த தொடரும், 1928 இல் தென்னாபிரிக்காவில் நடந்த தொடரும் வெற்றி தோல்வியின்றி முடிந்திருந்தன. ஆகவே 1937 இல் பிலிப் நெல் தலைமையில் நியூசிலாந்துக்குச் சென்ற அணி, இரு நாடுகளுள் மேம்பட்டது எது என்னும் வினாவையும் உடன்கொண்டு சென்றது. ஓகஸ்டு 14 இல் வெலிங்டனில் நியூசிலாந்து 13–7 என வென்றது. செத்தெம்பர் 4 இல் கிறைஸ்ட்சேர்ச்சில் தென்னாபிரிக்கா 13–6 என வென்றது. செத்தெம்பர் 25 இல் ஓக்லாந்தின் ஈடன் பார்க் திடலில் நடைபெறவிருந்த மூன்றாவது ஆட்டமே தொடரின் முடிவாயிற்று.

அவ்வாட்டத்தின் முன்னர் நெல்லுக்குத் தாய்நாட்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் 1906 இல் பிரித்தானியா சென்ற முதலாவது தென்னாபிரிக்க அணிக்குத் தலைமை தாங்கிய போல் ரூஸ். தந்தியின் செய்தி ஒரே சொல்லின் மும்முறை அடுக்கு: ஸ்கிரம், ஸ்கிரம், ஸ்கிரம். அக்கால விதியின்படி, பந்து பக்கக்கோட்டைக் கடந்தபோது லைன் அவுட்டுக்குப் பதிலாக ஸ்கிரத்தைத் தெரியும் உரிமை இருந்தது. லைன் அவுட் என்பது பக்கக்கோட்டருகே இரு வரிசையாக நின்று, எறியப்படும் பந்துக்காகப் பாய்ந்து போட்டியிடும் முறை. நெல் அதனை விடுத்து மீண்டும் மீண்டும் ஸ்கிரத்தையே கேட்டார்.

விளைவு தெளிவாயிருந்தது. தென்னாபிரிக்கா ஐந்து ட்ரைகளோடு 17–6 என வென்றது. நியூசிலாந்து ஒரு ட்ரையேனும் பெறவில்லை. அக்காலத்தில் ட்ரை ஒன்றுக்கு 3 புள்ளியே என்பதை நினைத்தால் இவ்வெற்றியின் பருமை விளங்கும். ஒவ்வொரு ஸ்கிரமும் எதிரணி முன்னணியினரின் கால்வலிமையை உறிஞ்சிற்று. தளர்ந்தவர் தற்காப்புக்கு விரைந்து வர இயலாதவராயினர். பின்னணி வீரருக்கு வழி திறந்தது. ஸ்கிரத்திலிருந்து வரும் பந்தைப் பாய்ந்து நெடுந்தொலைவு எறிவதில் வல்லவரான டானி கிரேவன் அவ்வணியின் ஸ்கிரம் அரைநிலை வீரராய் இருந்தமை இன்னுமொரு வாய்ப்பாயிற்று. பின்னர் 1956, 1965, 1981, 1994 ஆகிய ஆண்டுகளில் நியூசிலாந்து சென்ற தென்னாபிரிக்க அணிகளுள் எதுவும் தொடரை வெல்லவில்லை என்பதிலிருந்து, நெல்லின் அணி செய்த செயலின் அருமை அறியப்படும். லைன் அவுட்டுக்குப் பதிலாக ஸ்கிரம் கேட்கும் அப்பொது உரிமை பிற்கால விதிகளில் இடம்பெறவில்லை.

வலி, இடம், காலம்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. போர் மேற்கொள்ளும் வேந்தன் எண்ணிப்பார்க்க வேண்டிய அம்மூன்றுமே ஸ்கிரத்தைத் தெரியும் தலைவரும் எண்ணிப்பார்க்க வேண்டியன.

முதலாவது வலி. தன் முன்வரிசை எதிரியின் முன்வரிசையைப் பின்தள்ள வல்லதாயின், ஸ்கிரம் பலவழியிற் பயன் தரும். எதிரணி பின்னடைந்து பிணைப்பைக் குலைத்தால் தண்ட உதை கிடைக்கும். மீண்டும் மீண்டும் குலைத்தால் ஒரு வீரர் பத்து நிமிடம் திடலைவிட்டு விலக்கப்படலாம். எதிரணியில் ஏற்கெனவே ஒருவர் குறைந்திருப்பின் ஸ்கிரத்தின் பயன் இருமடங்காகும். எண்மரை ஸ்கிரத்தில் வைத்தால் பின்னணியில் ஓர் இடைவெளி தோன்றும்; பின்னணியைக் காக்க எழுவரோடு நின்றால் தள்ளலில் தளர்வர்.

இரண்டாவது இடம். ஸ்கிரம் இரு பக்கத்தும் பதினாறு முன்னணி வீரரை ஒரு சிறு நிலப்பரப்பிற் கட்டிப்போடுகிறது. ஸ்கிரம் அரைநிலை வீரர் ஒழிந்த ஏனையோர் ஸ்கிரத்தின் கடைசிக் காலுக்குப் பின்னே 5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது இக்கால விதி. லைன் அவுட் எப்பொழுதும் பக்கக்கோட்டருகே நிகழ்வதால் தாக்குதல் ஒரு திசையிலேயே செல்லக்கூடும். திடலின் நடுவிலே ஸ்கிரம் அமைந்தாலோ இடமும் வலமும் திறந்திருக்கும். எத்திசையிற் பந்து செல்லும் என்பதைத் தற்காப்போர் முன்னறியார். கோல் கோட்டுக்கு 5 மீற்றர் தொலைவிலாயின், ஸ்கிரம் முழுவதுமே கோட்டைக் கடந்து சென்று ட்ரை பெறலாம். அதைத் தடுக்க எதிரணி வேண்டுமென்றே ஸ்கிரத்தைச் சரித்தால், மத்தியஸ்தர் தண்ட ட்ரை வழங்கலாம். 2017 முதல் அதன் பெறுமதி 7 புள்ளி.

மூன்றாவது காலம். தண்ட உதையின் 3 புள்ளி போதுமா, ட்ரையின் 5 புள்ளி வேண்டுமா என்பது கடிகாரத்தையும் புள்ளிப் பலகையையும் ஒருங்கே நோக்கித் தீர்க்கவேண்டிய வினா. 1971 வரை ட்ரைக்கு 3 புள்ளியும், அதன்பின் 4 புள்ளியும், 1992 முதல் 5 புள்ளியும் வழங்கப்பட்டன. ட்ரையின் பெறுமதி ஏறியதோடு, கம்பத்தை நோக்கி உதைக்காது விடுவதற்குரிய காரணமும் வலுத்தது.

2015: பிரைட்டன்

இம்மூன்றும் ஒருசேர வந்து நின்ற ஆட்டம் 2015 செத்தெம்பர் 19 இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்தது. 1995, 2007 ஆகிய ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்ற தென்னாபிரிக்காவை எதிர்த்து யப்பான் ஆடிற்று. உலகக் கிண்ண வரலாற்றில் யப்பான் அதற்குமுன் வென்றது ஓர் ஆட்டமே. அதுவும் 1991 இல் சிம்பாப்வேக்கு எதிராக. இறுதி நிமிடங்களில் தென்னாபிரிக்கா 32, யப்பான் 29. தென்னாபிரிக்க முன்வரிசை வீரர் ஒருவர் விலக்கப்பட்டிருந்தமையால் அவ்வணியில் 14 பேரே நின்றனர். கோல் கோட்டருகே யப்பானுக்குத் தண்ட உதை கிடைத்தது. உதைத்தால் ஆட்டம் சமனாகும். யப்பானுக்கு அதுவே பெரும்புகழ். பயிற்றுநர் எடி ஜோன்ஸும் உதையையே விரும்பினார். அணித்தலைவர் மைக்கேல் லீச் ஸ்கிரத்தைக் கேட்டார்.

அவர் கேட்டது தள்ளுவதற்காக மட்டுமன்று. ஒருவர் குறைந்த அணி ஸ்கிரத்தில் கட்டுண்டால் திடலின் அகலம் முழுவதையும் காக்க இயலாது. ஸ்கிரத்திலிருந்து வந்த பந்தை யப்பான் முதலில் வலப்புறஞ் செலுத்திற்று. தற்காப்பாளர் அப்பக்கம் இழுக்கப்பட்டதும் இடப்புறந் திருப்பிற்று. கார்னே ஹெஸ்கெத் இடது மூலையிலே பந்தைப் பதித்தார். யப்பான் 34–32 என வென்றது. வலியிற் குறைந்ததென உலகங் கருதிய அணி, வலிமிக்கோரின் படைக்கலத்தையே தெரிந்து வென்றமை இத்தெரிவின் வரலாற்றில் தனிச்சிறப்புடையது.

எதிர்நிற்கும் இடர்கள்

ஆயினும் ஸ்கிரம் எஞ்ஞான்றும் வலியார்க்கே துணைபோவதன்று. பதினாறு பேரின் பிணைப்பினுள் யார் முதலிற் குலைத்தார் என்பதை மத்தியஸ்தர் ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டும். 2003 நவம்பர் 22 இல் சிட்னியில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஸ்கிரமே வலிமை மிக்கதெனப் பலரும் கருதியிருந்தனர். எனினும் அதுவே பலமுறை தண்டிக்கப்பட்டது. இறுதி நிமிடத்தில் ஸ்கிரத்திற் கிடைத்த தண்ட உதையால் அவுஸ்திரேலியாவின் எல்ரன் ஃபிளாட்லி ஆட்டத்தை 14–14 எனச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் யொனி வில்கின்சனின் உதையே இங்கிலாந்தை 20–17 எனக் காத்தது. தன் வலியை அறிந்தால் மட்டும் போதாது. அவ்வலி பிறர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்பதையும் தலைவர் அறிதல் வேண்டும்.

இன்னோர் இடர் உயிரோடு தொடர்புடையது. ஸ்கிரம் சரியும்போது முன்வரிசையினரின் கழுத்தும் முதுகுத்தண்டும் பெருந்தாக்கத்துக்குள்ளாகும். அதனால் முட்டும் விசையைக் குறைக்கும் நோக்குடன், முதலிற் குனிந்து, பின் பிணைந்து, அதன்பின்னரே பொருந்தும் ஒழுங்கு 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. 1895 இல் பிரிந்துசென்ற றகர் லீக் ஆட்டத்தில் ஸ்கிரம் காலப்போக்கில் போட்டியற்ற வெறுஞ்சடங்காயிற்று. போட்டி நீங்கிய இடத்தில் ஸ்கிரத்தைத் தெரிவதற்குரிய காரணங்களும் பெரும்பாலும் நீங்கின.

2019 முதல் 2024 வரை

அண்மைக் காலத்தில் ஸ்கிரத்தைப் போர்முறையின் நடுவில் மீண்டும் வைத்ததும் தென்னாபிரிக்காவே. 2019 நவம்பர் 2 இல் யொக்கொகாமாவில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அதன் மாற்று வீரர் எண்மருள் அறுவர் முன்னணியினர். ஸ்கிரத்தின் மேலாண்மையாற் பல தண்ட உதைகள் கிடைத்தன. ஹன்ரே பொலார்ட் ஆறு தண்ட உதைகளிற் புள்ளி பெற்றார். இங்கிலாந்து 32–12 எனத் தோற்றது. 2023 ஒக்ரோபர் 21 இல் அதே இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியிலும், ஆட்டம் முடிய இரண்டொரு நிமிடம் இருக்கையில் ஸ்கிரத்திற் பெற்ற தண்ட உதையே 16–15 என்னும் வெற்றியைத் தந்தது.

இவற்றிலும் வியப்புக்குரியது 2023 ஒக்ரோபர் 15 இல் பிரான்சுக்கு எதிரான காலிறுதியில் நிகழ்ந்தது. தன் கோல் கோட்டை அடுத்த 22 மீற்றர் எல்லைக்குள் எதிரி உதைத்த பந்தைப் பிடிப்பவர், அடையாளம் கோரி ஆட்டத்தை நிறுத்தலாம். பொதுவாக அவ்வாறு கோரியவர் பந்தைத் தொலைவுக்கு உதைத்து ஆபத்தை நீக்குவர். டேமியன் வில்லெம்சே அவ்வாறு பந்தைப் பிடித்தபின், தம் எல்லைக்குள்ளேயே ஸ்கிரம் வேண்டுமென்று சைகை காட்டினார். பந்தை உதைத்தால் விரைந்தோடித் தாக்கும் பிரெஞ்சுப் பின்னணியிடம் அது சேரும். ஸ்கிரம் அமைத்தால் பிரெஞ்சு முன்னணி களைப்புறும். தற்காப்பு நிலத்தையே தாக்குதல் நிலமாக்கிய தெரிவு அது. தென்னாபிரிக்கா 29–28 என வென்றது.

அடுத்த ஆண்டே விதி மாறிற்று. பிறீ கிக் பெற்ற அணி ஸ்கிரத்தைத் தெரியும் உரிமை 2024 யூலை 1 முதல் நீக்கப்பட்டது. அதனோடு அடையாளம் கோரியபின் ஸ்கிரம் கேட்கும் வழியும் அடைபட்டது. ஸ்கிரத்துக்காகச் செலவாகும் நேரத்தைக் குறைத்து ஆட்டத்தை விரைவுபடுத்துவதே மாற்றத்தின் நோக்கம். தண்ட உதைக்குப் பதிலாக ஸ்கிரம் கேட்கும் உரிமை மாத்திரம் நிலைத்தது.

முடிவு

தொடக்கத்தில் ஸ்கிரம் தெரிவன்று, நேர்வு. பந்து பின்வழியே வரத் தொடங்கியபின் அது கருவியாயிற்று. 1937 இல் அது ஒரு தொடரை வெல்லும் படைக்கலமாயிற்று. 1937 இல் நெல்லுக்கு வாய்த்த உரிமையும், 2023 இல் வில்லெம்சேக்கு வாய்த்த உரிமையும் இன்று இல்லை. வலியார் ஒரு வழியைக் கண்டு அதில் மேம்பட்டபோதெல்லாம், காண்போரது விருப்பத்தையும் ஆட்டத்தின் வேகத்தையும் எண்ணும் விதிவகுப்போர் அவ்வழியைச் சுருக்க முற்படுவது இயல்பே.

எனினும் தண்ட உதையின் முன் நிற்கும் தலைவருக்கு அவ்வுரிமை இன்றும் உண்டு. அவர் ஸ்கிரத்தைக் கேட்கும்போது உறுதியான சிறுபயனை விட்டு உறுதியற்ற பெரும்பயனை நாடுகிறார். அதனோடு தம் அணியின் எண்மர் ஒருவராய் இயங்குவர் என்னும் நம்பிக்கையையும் வெளிப்படையாக அறிவிக்கிறார். உதைப்பதற்கு ஒருவர் திறமை போதும். ஸ்கிரத்துக்கு எண்மரும் வேண்டும். தோளொடு தோள் பிணைந்த அவ்வெண்மருள் எவரும் தனித்துப் புகழ் பெறார். எவரேனும் தளர்ந்தால் அனைவரும் தோற்பர். இரும்புபோன்ற வலிமையும் நுண்ணிய ஒற்றுமையும் ஒருங்கே வேண்டப்படும் அவ்விடத்தைத் தாமே விரும்பித் தெரியும் அணிதான், தன்னைத் தான் அறிந்த அணியாகும்.